வேலம்பாசிக்குள் ஓடிய சைட்டோபிளாசம்

போன வாரம் மாரிச்செல்வி போனில் கூப்பிட்டாள். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இப்போது அறிவியல் எடுப்பவள் அவள்தான். ஆலங்குளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம். 'சைட்டோபிளாசம்: கற்பித்தலில் புதிய உத்திகள்' என்று ஒரு தலைப்பாம். ஓய்வு பெற்றவர் ஒருவர் மேடையில் உட்கார்ந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று மேலே யாரோ நினைத்திருக்கிறார்கள். என் பெயர் அகப்பட்டிருக்கிறது.

"டீச்சர், நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசினா போதும். பிபிடி மட்டும் ரெடி பண்ணிட்டு வந்திருங்க. அங்கன ஸ்கிரீன் இருக்கு."

"பிபிடியா? எங்கிட்ட பிபி மட்டும்தாம்மா இருக்கு."

அவள் சிரித்துவிட்டு, வகுப்பில் புதிதாக வந்திருக்கும் ஸ்மார்ட் போர்டைப் பற்றிச் சொன்னாள். விரலால் தொட்டால் செல் அப்படியே சுற்றிச் சுற்றிக் காட்டுமாம். உட்கரு ஊதா நிறம், சைட்டோபிளாசம் ரோஸ் நிறம். "பிள்ளைக தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சைட்டோபிளாசம் ரோஸ்னு சொல்லுதுக டீச்சர்" என்றாள் பெருமையாக. சைட்டோபிளாசத்துக்கு அப்படி ஒரு நிறம் கிடையாது. அது கண்ணாடி மாதிரி நிறமற்ற கொழகொழப்பு. இதைச் சொல்லி அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேடைக்கு வரவில்லை, எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுதான் இது.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கல்லூரியில் தாவரவியல் படித்தேன். பிறகு பி.எட். கரும்பலகையை எப்படிப் பாகம் பிரிப்பது, தேதியை எந்த மூலையில் எழுதுவது, சாக்பீஸ் கிறீச்சிடாமல் எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் அங்கே விரிவாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பாடம் நடத்தச் சொல்லிக் கொடுப்பதற்குள் ஆண்டு முடிந்துவிட்டது. நடத்த ஆரம்பித்த பிறகு, சைட்டோபிளாசம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. காரணம், நாங்கள் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்த விளக்கம். 'உட்கருவுக்கும் செல் சவ்வுக்கும் இடைப்பட்ட பகுதி சைட்டோபிளாசம்.' தென்காசி என்றால் என்ன என்று கேட்பவரிடம், ஆலங்குளத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருப்பது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா, சமைக்கிறார்களா, சண்டை போடுகிறார்களா, ஒன்றும் தெரியாது.

பிள்ளைகள் வரைகிற படமும் அப்படித்தான். ஒரு வட்டம். நடுவில் உட்கரு, பெரிதாக, அழுத்தி நிழல் தீட்டி. அங்கங்கே மைட்டோகாண்ட்ரியா. மிச்சமிருக்கும் வெள்ளைக் காகிதத்தைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால் அது சைட்டோபிளாசம். ஒன்றும் வரையாமல் மார்க் கிடைக்கிற ஒரே பாகம் என்பதால் பிள்ளைகளுக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

எங்கள் பள்ளி தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருந்தது. தலைமையாசிரியர் சங்கரலிங்கம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. 'மாட்டேன்' என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எதைக் கேட்டாலும் "ஆகட்டும் டீச்சர், பாப்போம்" என்பார். ஆகவும் ஆகாது, பார்க்கவும் மாட்டார்.

பள்ளியில் ஒரே ஒரு நுண்ணோக்கி இருந்தது. அது ஆய்வகத்தில் இருக்கவில்லை, சார் அறையில் பீரோவுக்குள் இருந்தது. பீரோச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. நுண்ணோக்கி வேண்டுமென்றால் முதலில் வாயால் கேட்க வேண்டும். ஆகட்டும் என்பார். பிறகு எழுதிக் கேட்க வேண்டும். "எழுதித் தந்துட்டீங்களா, நல்லது" என்று வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பார். அதற்குள் நான் செல் பாடத்தை முடித்து மின்சாரப் பாடத்துக்குப் போயிருப்பேன். "இனி எதுக்கு டீச்சர்? அதான் பாடம் முடிஞ்சிட்டே" என்பார், எனக்காக வருத்தப்படுகிற முகத்தோடு. அவருடைய காலத்தில் ஆய்வகத்தில் ஒரு சோதனைக்குழாய்கூட உடைந்ததில்லை என்று பாராட்டுவார்கள். ஒரு சோதனையும் நடந்ததில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நுண்ணோக்கி வெளிச்சம் பார்க்கும் நாள் ஆயுத பூசைதான். உலக உருண்டை, பள்ளி மணி, பிரம்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, நடுநாயகமாக நுண்ணோக்கியை வைப்பார். மணிக்கும் உருண்டைக்கும் எங்கே வேண்டுமானாலும் சந்தனம் குங்குமம் வைக்கலாம். நுண்ணோக்கிக்கு எது நெற்றி? சார் அதைத் தீர விசாரித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எது உச்சியில் இருக்கிறதோ அது நெற்றி. அதாவது நாம் கண்ணை வைத்துப் பார்க்கிற லென்ஸ். அதில் மோதிர விரலால் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்துக் கும்பிடுவார்.

சந்தனம் நாளடைவில் காய்ந்து உதிர்ந்துவிடும். குங்குமக் கறை போகாது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் பெயருக்கு நுண்ணோக்கியை வெளியே கொண்டுவந்து வைக்கும்போது, குனிந்து பார்க்கிற பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? வெங்காயத் தோலை வைத்தாலும், இலையை வைத்தாலும், ஒன்றுமே வைக்காவிட்டாலும், இடது பக்கம் மேலே மங்கலாக ஒரு சிவப்பு வட்டம். பிள்ளைகள் அதைப் பக்தியோடு வரைந்து 'உட்கரு' என்று எழுதுவார்கள். நான் அந்தப் பள்ளிக்கு வந்த ஆண்டு வரைபட நோட்டுகளைத் திருத்தும்போது எல்லார் செல்லிலும் உட்கரு சிவப்பாக, அதே மூலையில் இருந்தது. ஏன் சிவப்பு என்று கேட்டதற்கு, "எங்க அக்காவும் செவப்பாத்தான் டீச்சர் வரைஞ்சா. பத்துக்குப் பத்து வாங்கினா" என்று பதில் வந்தது. குடும்ப வழக்கத்தை நான் யார் மாற்ற?

துடைக்கலாம் என்று போனேன். சார் பதறிவிட்டார்.

"என்ன டீச்சர் பண்ணுதீங்க? பூசையில வச்ச பொட்ட அழிக்கலாமா? நீங்களே பொம்பளையா இருந்துட்டு?"

இதற்குத் தாவரவியலில் பதில் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தியவள் இசக்கியம்மாள். அச்சன்புதூர்ப் பிள்ளை. அப்பாவுக்கு நெல் வயலும் மாடுகளும். அம்மா சீசன் நேரத்தில் ஐந்தருவியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு கட்டி விற்பவர். பிள்ளைக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். ஊரில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும் இவள் பக்கத்தில் நிற்பாளாம். அதற்குப் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்தாக வேண்டும். அவர்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் வணிகவியல் மட்டும்தான் இருந்தது. எங்கள் பள்ளியில் உயிரியல் உண்டு. ஆனால் அதற்குச் சங்கரலிங்கம் சார் ஒரு விதி வைத்திருந்தார். பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கியவர்களுக்கே அந்தப் பிரிவில் இடம்.

விதி பார்க்கக் கடுமையாக இருந்தாலும் உண்மையில் அது ஒன்றுமில்லை. செய்முறை மதிப்பெண் என்பது கோயில் பிரசாதம். வரிசையில் நின்று கை நீட்டியவர்களுக்கெல்லாம் கிடைக்கும். அதிலும் ஒருவருக்குக் குறைந்தால் அவர் என்னவோ பாவம் செய்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது சாருடைய கணக்கு.

அந்த ஆண்டு செல் பாடம் நடத்தும்போது, செல்லுக்குள் உட்கருவைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"காலி இடம் டீச்சர்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

"உங்க வீட்டுச் சாம்பார்ல முருங்கைக்காய் இருக்கு, கத்திரிக்காய் இருக்கு. காய்க்கும் காய்க்கும் நடுவுல என்ன இருக்கு? காலி இடமா?"

"சாறு டீச்சர்!"

"அந்தச் சாற வடிச்சிட்டா?"

"வெந்த காய்தான் மிஞ்சும் டீச்சர். ஒருத்தரும் திங்க மாட்டாவ."

சைட்டோபிளாசமும் அப்படித்தான் என்றேன். பெரும்பகுதி தண்ணீர். அதில் உப்பு, சர்க்கரை, புரதம் எல்லாம் கலந்து கொழகொழவென்று இருக்கும். உட்கருவும் மற்ற நுண்ணுறுப்புகளும் அதில்தான் கிடக்கின்றன. ஆனால் சாம்பாரைவிட இது ஒரு படி மேல். சாம்பார் சும்மா கிடக்கும், சைட்டோபிளாசம் வேலை செய்யும். நாம் சாப்பிட்ட சர்க்கரையை உடைக்கும் முதல் வேலை அங்கேதான் நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு அதற்குப் பிறகுதான் பந்தி. உடம்புக்கு வேண்டிய புரதங்கள் தயாராவதும் அங்கேதான். எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு உட்கருவிலிருந்து வரும், வியர்வை சிந்துவது சைட்டோபிளாசம். பாராட்டு யாருக்குப் போகும் என்று கேட்டேன். பிள்ளைகள் தலைமையாசிரியர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். நான் அந்த அர்த்தத்தில் கேட்கவே இல்லை என்று சொல்லமாட்டேன்.

உவமை சொல்லிக் கொடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அடுத்த தேர்வில் ஒருவன், 'சைட்டோபிளாசம் என்பது சாம்பார் ஆகும். அதில் பருப்பு உண்டு, பெருங்காயம் தேவைக்கேற்ப' என்று எழுதியிருந்தான். இசக்கி மட்டும் அன்று வகுப்பு முடிந்ததும் எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், சாம்பாரு யாரும் கிண்டாம தானா சுத்துமா?"

"சுத்தாது."

"சைட்டோபிளாசம்?"

"சுத்தும். சில செல்லுல ஓடிக்கிட்டே இருக்கும்."

"நீங்க பாத்திருக்கியளா?"

கல்லூரியில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வேலம்பாசி இலையில் நன்றாகத் தெரியும் என்று சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஊர்க் குளத்து வேலம்பாசியோடு வந்து நின்றாள்.

இனி நுண்ணோக்கி. அந்த ஆண்டு எங்கள் அதிர்ஷ்டம், செய்முறைத் தேர்வில் நுண்ணோக்கியை மாணவர்களே கையாள வேண்டும் என்று மேலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சார் சாப்பிடாமல் இரண்டு நாள் யோசித்திருப்பார் போல. கடைசியில், "ஒத்திகைக்கு ஒரு பீரியடு தாரேன் டீச்சர். நானும் கூட நிப்பேன்" என்றார். நின்றார். பிள்ளைகள் பார்த்த நேரமெல்லாம், விழுகிற குழந்தையைப் பிடிக்கத் தயாராக நிற்பவரைப் போல இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றார்.

அன்றும் இசக்கி புதிதாக வேலம்பாசி கொண்டுவந்திருந்தாள். அதன் இலை மெல்லியது. அப்படியே ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மூடினால் போதும். செல்கள் செங்கல் அடுக்கிய மாதிரித் தெரியும். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பெரிய நுண்குமிழ், தண்ணீர்ப் பை மாதிரி. அது நடு வீட்டைப் பிடித்துக்கொண்டதால் சைட்டோபிளாசத்துக்குச் சுவரோரம்தான் இடம். அந்த ஓரத்தில் பச்சை மணிகளாகப் பசுங்கணிகங்கள். உட்கரு இருக்கும், ஆனால் நிறமில்லாததால் சாயம் ஏற்றாமல் கண்ணுக்குத் தட்டுப்படாது. எடுத்தவுடன் எல்லாம் அசையாமல் இருந்தது. குளிர்ந்த தண்ணீரிலிருந்து வந்த இலை. ஜன்னல் வெயிலைக் கண்ணாடியால் திருப்பிவிட்டுக் காத்திருக்கச் சொன்னேன்.

இசக்கி கண்ணை எடுக்காமல் குனிந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் முதுகு விறைத்தது.

"டீச்சர்! ஓடுது! எல்லாம் ஓடுது!"

நான் பார்த்தேன். சுவரோரமாகப் பச்சை மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மூலையில் திரும்பி, எதிர்ச்சுவர் வழியாக வந்து, மறுபடி சுற்று. மணிகளுக்குக் கால் கிடையாது. அவற்றைச் சுமந்துகொண்டு ஓடுவது கண்ணுக்குத் தெரியாத சைட்டோபிளாசம். பாடப்புத்தகத்தின் வெள்ளை இடம் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடங்கள் கழித்துப் பார்த்ததில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"டீச்சர், எல்லாம் ஓடுது. இந்தச் செவப்பு மட்டும் ஓடவே மாட்டேங்கு" என்றாள் இசக்கி. நான் பதில் சொல்வதற்குள் அவளே சிலைடை நகர்த்தினாள். இலை போனது, சிவப்பு போகவில்லை. மேலே இருந்த லென்ஸைத் திருகினாள். சிவப்பும் கூடவே திரும்பியது.

"இது செல்லுல இல்ல டீச்சர். கண்ணாடியில இருக்கு."

"ஏட்டி, எதையும் திருகாத!" என்று சார் குறுக்கே பாய்ந்தார். நல்லவேளையாக அவருக்குப் போன் வந்தது. அவர் திரும்பி நின்று பேசும்போது முந்தானையால் லென்ஸைத் துடைத்தேன். பொட்டை அழித்த பாவம் எதுவும் இன்றுவரை என்னைத் தேடி வரவில்லை.

தேர்வு நாள் வந்தது. வேறு பள்ளியிலிருந்து வரும் வெளித்தேர்வரைக் கவனிப்பதுதான் எங்கள் பக்கம் தேர்வின் முக்கியமான பகுதி. அதை நாங்கள் ஒழுங்காகவே நடத்துவோம். காலையில் இட்லி, உளுந்தவடை, கேசரி. நடுவில் டீ. மதியம் ஐந்தருவிக் குளியல். வெயில் காலம் தொடங்கிவிட்டதால் தண்ணீர் கொஞ்சமாகத்தான் விழும். "கூட்டம் இருக்காது சார், நிம்மதியா நின்னு குளிக்கலாம்" என்று சார் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார். குளித்துவிட்டு வந்தால் புரோட்டாவும் கோழியும். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு மார்க். வந்தவர் நல்ல மனிதர். கைப்பையிலிருந்து வினாத்தாள் உறையை எடுக்கும்போது அதோடு ஒரு துண்டும் வந்தது. துண்டை மட்டும் மறுபடி உள்ளே வைத்தார்.

பிள்ளைகள் வரைந்து முடித்தார்கள். எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான். வேலம்பாசி இலைச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்து, வரைந்து, பாகம் குறிக்க வேண்டும். வெளித்தேர்வர் மேசை மேசையாக வந்தார். தாளைப் பார்ப்பார், பெரிய உட்கருவைப் பார்ப்பார், டிக் போடுவார், நகர்வார். நுண்ணோக்கிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வாசலில் ஐந்தருவிக்குப் போகக் கார் நின்றது. இசக்கியின் மேசைக்கு வந்ததும் நின்றார்.

"ஏம்மா, உட்கரு எங்க?"

"தெரியல சார்."

"தெரியலன்னா? படிக்கலயா?"

"படிச்சேன் சார். செல்லுக்குள்ள இருக்கு. ஆனா லென்ஸுல தெரியல. அதான் போடல."

"இது என்ன ஓரமா அம்புக்குறி? பஸ் ரூட்டா?"

"பச்சை மணி ஓடுத திசை சார். சைட்டோபிளாசம் சுத்துது. அது இதயும் இழுத்துட்டுப் போவுது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாளில் உட்கரு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டு, மதிப்பெண்ணில் இரண்டைக் குறைத்தார். இசக்கியின் முகம் வெளுத்தது. அந்த இரண்டு மதிப்பெண்ணில் என்ன போகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

"சார், ஒரு தடவ மைக்ராஸ்கோப்பப் பாத்துட்டு மார்க் போடுங்க" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது.

"டீச்சர், சாருக்கு நேரமாகுது" என்றார் சங்கரலிங்கம் சார், காரைக் காட்டி.

"பாத்துட்டாப் போச்சு" என்று வெளித்தேர்வர் குனிந்தார். குனிந்த வேகத்தில் கத்தினார். "இந்தா இருக்கே உட்கரு! செக்கச்செவேல்னு இருக்கு! இவ்ளோ பெருசா இருக்கு, இது கண்ணுக்குத் தெரியலயா உனக்கு?"

எனக்கு விளங்கிவிட்டது. அன்று காலையில் சார் மறுபடியும் பூசை போட்டிருக்கிறார். பிள்ளைகள் முதல்முறையாகக் கருவியைத் தொடுகிற தேர்வு, தெய்வத் துணை வேண்டாமா? இசக்கி அந்தச் சிவப்பை அன்றும் பார்த்திருக்கிறாள். அது செல்லில் இல்லை என்று தெரிந்ததால் வரையவில்லை. மற்றவர்கள் எல்லாரும் அதையே உட்கரு என்று வரைந்திருந்தார்கள்.

"சார், சிலைட லேசா நகத்துங்க" என்றாள் இசக்கி.

நகர்த்தினார்.

"இப்பம் மேல உள்ள லென்ஸத் திருப்புங்க சார்."

திருப்பினார். அவர் தலையைத் தூக்கியபோது அவருடைய இடது புருவத்தில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. சிரிக்க யாருக்கும் தைரியம் இல்லை.

"காலம்பற பூசை போட்டேன் சார்" என்றார் சங்கரலிங்கம் சார். "பரிட்ச நல்லபடியா நடக்கணும்லா."

வெளித்தேர்வர் தன் கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். இந்த முறை கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓட்டுநர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ரொம்ப நேரம் கழித்து, குனிந்தபடியே பேசினார்.

"நெசமாவே ஓடுதே டீச்சர்."

"ஆமா சார்."

"எத்தன வருசமா நானும் நடத்துதேன். பாத்ததில்ல." சொல்லிவிட்டு மேலும் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த மனிதரை எனக்கு அப்போது பிடித்திருந்தது. இனி பயமில்லை என்று நினைத்துவிட்டேன்.

அவர் எழுந்தார், தாளை எடுத்தார், பழையபடி தேர்வர் ஆனார். "பிள்ள பாத்தது சரிதான். எனக்கும் தெரிஞ்சிட்டு. ஆனா விடைக்குறிப்புல உட்கருவுக்கு ரெண்டு மார்க்குன்னு போட்டிருக்கே. சைட்டோபிளாசம் ஓடுனதுக்கு மார்க் போடலயே? உட்கரு இல்லாம நான் முழுசாப் போட்டா, நாளைக்கு எனக்குல்லா மெமோ வரும்."

"படத்துல சும்மா ஒரு உட்கரு போட்டுட்டுப் போயேம்மா" என்றார் சங்கரலிங்கம் சார், இசக்கியிடம், உண்மையான கரிசனத்தோடு. "அதான் உள்ள இருக்குன்னு நீயே சொல்லுதியே."

"பாக்காமலா சார்?" என்றாள் அவள்.

வெளித்தேர்வரே வழி சொன்னார். "அயோடின் இருக்குல்லா டீச்சர்? ஒரு சொட்டு விடுங்க. சாயம் ஏறினா உட்கரு தெரியும். பாத்து வரையட்டும், நானும் மனசாரப் போட்டுருதேன். யாருக்கும் சங்கடம் இல்ல."

நல்ல யோசனைதான். பாடப்புத்தகத்திலேயே உள்ள முறைதான். அயோடின் பாட்டிலை எடுத்து இசக்கியிடம் கொடுக்கும்போது சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"இத விட்டா உட்கரு தெரியும். ஆனா செல்லு செத்துரும். ஓட்டம் நின்னுரும்."

அவள் பாட்டிலையும் நுண்ணோக்கியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேற இலையில விடலாமா டீச்சர்?"

"எந்த இலையா இருந்தாலும் அதுதாம்மா."

வாசலில் கார் ஹார்ன் அடித்தது. பிள்ளைக்கு வேறு என்ன வழி இருக்கிறது? மாட்டு டாக்டர் ஆக வேண்டும். "நானே விடுதேன்" என்று சொல்லி, மூடியிருந்த கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டாள். விட்ட கையோடு குனிந்தாள். அயோடின் மஞ்சளாக உள்ளே பரவுவதை நான் வெளியிலிருந்தே பார்த்தேன். உள்ளே என்ன ஆகிறது என்று அவள் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். முதலில் ஒத்திகையன்று போலவே விறைத்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது. ஒரு பாசி இலைக்கு அழுகிற வயதா எனக்கு? ஆனாலும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"உட்கரு தெரியுதா?" என்று கேட்டார் வெளித்தேர்வர்.

"தெரியுது சார். பழுப்பா, ஓரத்துல."

"பாத்தியா! வரை, வரை."

முதல் படத்தை அவள் அழிக்கவில்லை. அதன் பக்கத்திலேயே இரண்டாவதாக ஒன்று வரைந்தாள். அவர் வாங்கி, உட்கரு இருக்கிறதா என்று பார்த்து, சிவப்புச் சுழியை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார். அவள் தலையைத் தடவி "கெட்டிக்காரப் பிள்ள" என்றார். பிறகு எல்லாரும் ஐந்தருவிக்குப் போனார்கள். அந்த ஜூனில் இசக்கிக்கு உயிரியல் பிரிவில் இடம் கிடைத்தது. விதிப்படிதான் கிடைத்தது. சங்கரலிங்கம் சாருக்கு அதில் பரம திருப்தி.

அவர்கள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நான் தாள்களை அடுக்கிக் கட்டினேன். இசக்கியின் தாளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இரண்டாம் படத்தில் அம்புக்குறிகள் இல்லை. செல் சுவர், பசுங்கணிகம், நுண்குமிழ், உட்கரு எல்லாவற்றுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருந்தாள். சைட்டோபிளாசத்துக்கும் ஒரு கோடு இழுத்து, பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'நின்றுவிட்டது' என்று எழுதியிருந்தாள். சரி என்று வெளித்தேர்வர் போட்ட டிக் அந்தச் சொல்லின் மேலேதான் விழுந்திருந்தது.